கிளெமென்ற் அண்ணைக்கு ஒரு பொன்னாடை

பொன்னாடை போர்த்தும் வேலை லூர்துவின் தலையில் வந்து விழுந்தது. கொண்டுவந்து போட்டவர் பேனாட் மாமா. லூர்துவின் செத்துப்போன மனைவி சோபிகாவின் சித்தப்பா. நோர்வேயில், புருசெத் பகுதியில் தமிழர் கூடும் எந்த மண்டபத்திலும் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடாத மனிதர்.

"ஞாயிறு பூசை முடியக் கிளெமென்ற் அண்ணைக்கு விழா. சால்வை நீதான் போர்த்துறாய், மருமகன்."

"என்ரை வழக்கு செவ்வாய்க்கிழமை அவருக்கு முன்னாலை, மாமா."

"அதுக்குத்தானே சொல்லுறன். எங்கடை ஆள் நீதவான் கதிரையிலை இருக்கேக்கை, நீ முகத்தைக் காட்டாமல் ஒளிச்சுத் திரியப்போறியோ?"

லூர்து அரசாங்கத்திடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. சோபிகாவைப் புதைத்தது நவம்பரில். உறைந்த மண்ணில் கல்லறைக் கல் நிற்காது. மண் இளகி, இறங்கி, இறுகிய பிறகு மே மாதத்தில் வைக்கலாம் என்று சேமக்காலையில் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் ஒரு மரச் சிலுவை. கல் வெட்டி முடிந்து கடையில் காத்திருந்தது. அதைத் தன் கையால் வைக்க வேண்டும். பிறகு எங்கே அனுப்பினாலும் போவான். ஆனால், அவன் நோர்வேக்கு வந்தது அவளுடைய கணவனாக. அவள் இல்லாதபோது அவனுக்கு இங்கே என்ன வேலை என்று அரசாங்கம் கேட்டது. மார்ச் முடிய வெளியேற வேண்டும். வழக்கு முடியும்வரை இருக்க விடலாமா என்பதைத்தான் செவ்வாய்க்கிழமை கிளெமென்ற் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

நீதவானோடு ஒரு வார்த்தையும் பேசாதே என்று அவனுடைய வக்கீல், ஒரு நோர்வேஜியப் பெண், முதலே சொல்லியிருந்தாள். லூர்து யோசித்துப் பார்த்தான். சால்வை போர்த்துவது பேச்சில்லையே. ஊரில் அதிபருக்குப் போர்த்துவார்கள், பங்குத்தந்தைக்குப் போர்த்துவார்கள், மாற்றலாகி வரும் வங்கி முகாமையாளருக்கும் போர்த்துவார்கள். அதில் யாரும் எதையும் கேட்பதில்லை. மறுத்தால்தான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் சப்பாத்துகள் பனிநீர் வடியக் கிடந்தன. உள்ளே ஈரக் காலுறை நாற்றமும் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் நாற்றமும். கிளெமென்ற் மேடையில் இருந்தார். கழுத்தில் ஏற்கெனவே மூன்று மாலை.

அவருடைய பெருமையைப் பேனாட் மாமா மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அகதியாய் வந்தவர்களுக்காக வழக்காடிய முதல் தமிழ் வக்கீல். பிறகு கட்சி, நகரசபை, அதற்குப் பிறகு அமைச்சில் மந்திரிக்கு அடுத்த நாற்காலி. இப்போது நீதவான். அவர் அமைச்சில் இருந்த காலத்தில்தான் குடிவரவுச் சட்டத்தை இறுக்கினார்கள். அப்போது அவர் வாய் திறக்கவில்லை. மண்டபத்தில் பாதிப்பேருக்கு அது தெரியும். அந்தப் பாதிதான் பலமாகக் கை தட்டியது.

கிளெமென்ற் எழுந்து பேசினார். "நான் எடின்பரோவிலை ஒரு வருசம் படிச்சனான். அங்கை ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர் எங்களுக்குப் படிப்பிச்சவர். அவரும் வக்கீலா இருந்து, அரசியலுக்குப் போய், கடைசியிலை நீதவானா வந்தவர். அவர் சொல்லுவார், மூண்டு வேலைக்கும் ஒரே பாடந்தான்: எந்தக் கதவாலை உள்ளுக்கை போனாலும், வெளியிலை வாற கதவை முதல் பாத்து வை."

எல்லாரும் சிரித்தார்கள். லூர்துவும் சிரித்தான்.

"இப்ப எங்கடை மருமகன் லூர்து பொன்னாடை போர்த்துவார்," என்றார் பேனாட் மாமா. "செவ்வாய்க்கிழமை இவற்றை வழக்கும் ஐயாவுக்கு முன்னாலைதான். ஐயா, பெடியனைக் கொஞ்சம் பாத்துக் கொள்ளுங்கோ."

மறுபடி சிரிப்பு. லூர்துவுக்குக் காது சுட்டது. கிளெமென்ற் முகம் மட்டும் மாறவில்லை. குனிந்து கொடுத்தார். சால்வை தோளில் விழுந்ததும் லூர்துவின் கையைப் பிடித்துக் கமரா பக்கம் திருப்பினார்.

"இன்னொருக்கா எடும், தம்பி. இவற்றை முகம் வடிவா விழவேணும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "சோபிகா அருமையான பிள்ளை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக லூர்துவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. கிளெமென்ற் ரோல்ஸ் தின்றார். எண்ணெய்க் கையைச் சால்வைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை வக்கீல் அழைத்தாள். நீதவான் தன்னை 'இன்ஹபில்' என்று அறிவித்துவிட்டார். வழக்காளியோடு தொடர்பு உண்டு, ஆகவே தீர்ப்புச் சொல்லத் தகாது என்று விலகிவிட்டார். சான்றுக்குப் படத்தையும் அவரே அனுப்பியிருக்கிறார். வேறு நீதவான் கிடைப்பது ஈஸ்டருக்குப் பிறகுதான். மார்ச் முப்பத்தொன்று மாறாது. மிச்சத்தை அவன் இலங்கையிலிருந்து நடத்தலாம். அங்கே திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது.

"ஏன் அதைச் செய்தாய்?" என்று கேட்டாள். மரியாதை என்பதற்கு அவனிடம் நோர்வேஜிய மொழியில் விளக்கம் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் பேனாட் மாமா வீட்டுக்குப் போனான். மாமா கணினிக்கு முன்னால் இருந்தார். தமிழ் இணையத்தளமொன்றில் அந்தப் படம். மேலே கொட்டை எழுத்தில்: தன் இனத்தவனுக்கும் வளையாத நீதி.

"பாத்தியே, என்ன நேர்மையான மனுசன்," என்றார் மாமா.

"மாமா, நீங்கள் மைக்கிலை சொன்னதை அவர் கேட்டவர். கேட்டும் இன்னொரு படம் எடுப்பிச்சவர்."

"மைக்கிலை சொன்னாப் பிறகோ? அவருக்கு முதலே தெரியுமடா. ஆர் போர்த்தினா நல்லம் எண்டு நான்தானே போன் பண்ணிக் கேட்டனான். 'மனுசி செத்த பெடியன் ஒருத்தன் இருக்கிறானல்லோ, அவனே போர்த்தட்டும்' எண்டவர். எவ்வளவு பெரிய மனசு."

லூர்து மாமாவின் முகத்தைப் பார்த்தான். அதில் கள்ளமில்லை. அதுதான் குமட்டியது. தமிழனுக்குச் சார்பாய்த் தீர்த்தால் நோர்வேஜியரிடம் ஒரு பேச்சு, எதிராய்த் தீர்த்தால் தமிழரிடம் ஒரு பேச்சு. இரண்டிலும் சிக்காமல் கிளெமென்ற் வெளியே வர, கிழவர் சொன்ன கதவு. அந்தக் கதவை அவன் தன் இரண்டு கையாலும் திறந்துவிட்டிருந்தான், சரிகைக் கரையோடு.

"சால்வையைத் திருப்பி அனுப்பிப்போட்டார். நீதவான்மார் அன்பளிப்பு வாங்கக் கூடாதாம்," என்று மாமா ஒரு பையை நீட்டினார். "நீயே வைச்சிரு. கல்லைப் பற்றி யோசியாதை. மேயிலை நாங்கள் வைப்பம். கிளெமென்ற் அண்ணையைக் கூப்பிட்டே திரையை நீக்குவிப்பம். சோபிகாவுக்கும் ஒரு மரியாதைதானே."

லூர்து பையை வாங்கவில்லை. வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு படியிறங்கி, கல்லறைக் கல் கடைக்கு ரயில் ஏறினான்.

கல் வெட்டுபவர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே, சுவரோரம், சோபிகாவின் பெயரோடு கல் சாய்ந்து நின்றது.

"மே மாதம் வேண்டாம்," என்றான் லூர்து.

"பிறகு எப்போது?"

"நான் வரும்போது."

அவர் எதற்கும் கேட்டுக்கொண்டார்: வேறு யாராவது வந்தால் கொடுக்கலாமா? சொந்தக்காரர்கள்?

"அவர்களுக்குத்தான் கொடுக்கக் கூடாது," என்றான்.