ரெங்கராஜின் தோளுக்கு மேலே நின்ற மைக்

அன்னவாசல் ஜல்லிக்கட்டில் மைக் பிடிக்கும் பிச்சைமுத்துவின் குரலில் பாதி, மூன்று வருடத்துக்கு முந்திய தை மாதத்தில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, ரெங்கராஜின் இடது தோளுக்கு ஒரு முழம் மேலே போய் நின்றுகொண்டது. பிச்சைமுத்துவுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் கத்தினார். நாசமாய்ப் போனது ரெங்கராஜின் மானம்தான்.

மாட்டைப் பிடித்தால்தான் பெண் என்று இப்போது எந்த வீட்டிலும் சொல்வதில்லை. வனிதாவுக்குப் பரிசம் போட்ட கையோடு, "மாமா, ஒங்க மாட்ட நானே அணைக்கிறேன்" என்று அவள் அப்பா வெள்ளைச்சாமியிடம் வாயை விட்டவன் இவனேதான். வாய்க்கொழுப்பு சும்மா விடுமா? வாடிவாசலில் அந்த மாடு ஒருமுறை நின்று பார்த்தது, அவ்வளவுதான். அடுத்து ரெங்கராஜுக்கு நினைவு வந்தபோது, மருத்துவ முகாமில் கட்டிலுக்கு அடியில் நர்சம்மாவின் பஞ்சுத் தட்டை மார்போடு கட்டிக்கொண்டு கிடந்தான். "நாப்பத்தேழாம் நம்பர் பனியன்! கட்டிலுக்கு அடியில இருக்கிற தம்பி! வெளிய வாங்க, மாடு வீட்டுக்கே போயிருச்சு!" என்று மைக் கூப்பிட்டது. கேலரி முழுக்கச் சிரித்தது, வனிதாவும் சிரித்தாள். மறுநாள் பரிசப் புடவை திரும்பி வந்தது. குரல் மட்டும் திரும்பிப் போகவில்லை.

டீக்கடைக்குப் போனால், "தம்பி பாய்லருக்குப் பின்னால பதுங்குறாரு, பாத்துக்கங்க!" என்றது. சலூனில் தலையைக் குனிந்தால் அதையும் சொன்னது. அன்னவாசலில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள். இருபத்தெட்டு நாள் பொறுத்துப் பார்த்த ரெங்கராஜ் சென்னைக்குப் பஸ் ஏறினான். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, மைக் செட்டோடு வந்த ஆள் என்று சந்தோஷமாக அவனை வாசலில் நிறுத்தினார். அந்தத் தெருவில் நாற்பது மைக் அலறும், நாற்பத்தொன்றாவதை யார் கவனிக்கப் போகிறார்கள்? இவன் கூச்சத்தில் தலை குனியக் குனிய, வியாபாரம் ஏறியது.

மூன்றாவது மாடியில் காட்டன் புடவை விற்ற கலைமதிக்குச் சொந்த ஊர் பொன்னமராவதி. புருஷன் சிங்கப்பூரில் இருப்பதாக லேடீஸ் ஹாஸ்டலில் சொல்லியிருந்தாள். "ஏங்க, அன்னவாசலா? மாடெல்லாம் புடிப்பீங்களோ?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். கேட்டவள் அவ்வளவு அழகாக இருந்ததால் ரெங்கராஜுக்குப் புத்தி பிசகியது. "புடிச்சேங்க. கால்ல குத்திருச்சு, விட்டுட்டேன்" என்றான். சொன்ன பொய்க்காக அன்றைக்கே நொண்ட ஆரம்பித்தவன், ஆறு மாதம் நொண்டினான். "நேத்து வலது காலு, இன்னிக்கி இடது காலு!" என்று தலைக்கு மேலே குரல் ஏலம் விடும்போதெல்லாம், காசநோய்க்காரன் கணக்காக இருமினான். அவள் ஊரிலிருந்து தைலம் வாங்கிவந்து கொடுத்தாள். அதை ராத்தல் கணக்கில் நல்ல காலில் தேய்த்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தான்.

ஐப்பசியில் ஒரு காலை, கடைக்குப் போகிற பஸ்ஸில் கலைமதி எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். நாளெல்லாம் நின்று புடவை மடிப்பவள், இரண்டு குதிகாலிலும் வலிக்குக் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தாள். "ஒக்காருங்க, ஒங்க காலுக்கு ஆகாது" என்றாள். ரெங்கராஜ் உட்கார்ந்தான். ஐயோ, அந்த வெட்கம்! கட்டிலுக்கு அடியில் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. குரல் சொல்லிவிடும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தான். சனியன், அன்றைக்கென்று வாயே திறக்கவில்லை. இரண்டு ஸ்டாப் தாண்டியும் அது பேசாததால், அவனே எழுந்து நின்று சொன்னான்.

"எனக்குக் கால்ல ஒண்ணுமில்லீங்க. மாட்டப் பாத்து ஓடிப்போய் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவன் நான். ஊரே சிரிச்சுச்சு."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். கலைமதி சிரிக்கவில்லை.

"எந்தக் காலுன்னு மைக்குக்காரரு தெனமும் சொல்லிக்கிட்டுத்தான இருக்காரு. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"தெரிஞ்சுமா தைலம் வாங்கியாந்தீங்க?"

"என் பொய்யி அதவிடப் பெருசுங்க." அவள் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சிங்கப்பூர்ல எனக்கு யாருமில்ல. கட்டுனவன் தீத்து விட்டு மூணு வருசமாச்சு. ஒங்களுக்காச்சும் சொல்ல ஒரு மைக்கு இருக்கு. நான் என் வாயாலயே சொல்ல வேண்டியிருக்கு."

கண்டக்டர் விசில் ஊத மறந்தார். அப்போதுதான் மேலே கிர்ரென்று ஒரு சத்தம் கேட்டு, குரல் தொண்டையைச் செருமியது. "தம்பி ஓடலங்க, நின்னுட்டாரு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னது. அன்னவாசலில் பிச்சைமுத்துவுக்கு அந்த நிமிஷம் காரணமில்லாமல் கண் கலங்கியதாகச் சொல்கிறார்கள்.

பங்குனியில் பதிவுத் திருமணம் நடந்தது. அம்பத்தூரில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, கணவன், மனைவி, ஒரு குரல் என்று கலைமதியே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கார அம்மாளுக்கு ஆட்சேபணை இல்லை, மதியம் தூங்குகிற நேரத்தில் மட்டும் வேண்டாம் என்றார். ரெங்கராஜுக்கு வெட்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை, காது சிவந்துகொண்டுதான் வீடு வருகிறான். "தம்பி தெரு திரும்பிட்டாரு" என்று சத்தம் கேட்டதும் கலைமதி தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறாள்.