சட்டைப் பைக்குள் சூடு

மத்தியானத்துக்குள் போன் செத்துவிடுகிறது என்பதுதான் வேன் டிரைவருக்குப் பெரிய பயம். சட்டைப் பையில் வைத்தால் நெஞ்சு சுடுகிறது. சார்ஜ் ஏறுவதும் தெரிவதில்லை, இறங்குவதும் தெரிவதில்லை. அது அணைந்து கிடக்கும் நேரமாகப் பார்த்து மகள் கூப்பிட்டுவிட்டால்?

போனவள் நம்பரையே மாற்றிவிட்டாள். தனக்குப் பிடித்தவனோடு அவள் வாசலில் வந்து நின்றபோது, "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்று சொன்னது அவர்தான். வாயிலிருந்து விழுந்ததை அள்ளவா முடியும்? இனி அவள்தான் கூப்பிட வேண்டும்.

ரிப்பேர் கடைக்காரப் பெண் போனை வாங்கியதும் கை மாற்றிக்கொண்டாள்.

"என்னண்ணே, போனா இஸ்திரிப் பெட்டியா? எப்பலேர்ந்து இப்படி?"

"போன மாசத்துலேர்ந்து. நேத்து பிரிட்ஜுல வெச்சுப் பார்த்தேம்மா, பால் பாக்கெட் பக்கத்துல."

"நல்லவேளை, உறை ஊத்தாம விட்டீங்க."

"கிண்டல் பண்ணாம புது பேட்டரி போடும்மா."

"இருங்க. பேட்டரி மேல பழி போடறதுக்கு முன்னால எது உறிஞ்சுதுன்னு பார்ப்போம்."

போன் உறையைக் கழற்றினாள். திரையில் எதையோ திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்று சட்டென்று இரண்டு முறை அழுத்தினாள்.

"ஆச்சுண்ணே. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நீங்க எங்க இருக்கீங்கன்னு அடுத்தவங்களுக்குக் காட்டுற ஆப் ஒண்ணு. யாரும் பார்க்கலன்னா அது பாட்டுக்குத் தூங்கும். யாரோ உங்களை நாள் பூரா திறந்து வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க. அதான் இந்தக் கொதி. மொத்தமா கட் பண்ணிட்டேன்."

"யாரு பார்த்தது?"

"ஒரே பேருதான் இருந்துச்சு. குட்டின்னு."

வீட்டில் மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா வரும் நேரம் தெரிந்தால் சாப்பாட்டைச் சூடு பண்ணி வைக்கலாம் என்று, படிக்கிற காலத்தில் அவளே போட்டுக்கொடுத்தது. அவர் மறந்தே போயிருந்தார். நம்பரை மாற்றியவள் இதை மட்டும் எடுக்கவில்லை. சிக்னலில் நின்றபோதும் பெட்டி இறக்கியபோதும், சனியன் பிடித்த போன் என்று திட்டியபோதும் அவள் கூடவே வந்திருக்கிறாள்.

"திருப்பிப் போடும்மா. என் பொண்ணு அது."

கடைக்காரப் பெண்ணின் முகம் மாறியது. மளமளவென்று அழுத்தினாள்.

"ஆப்புல மறுபடியும் சேரச் சொல்லி அழைப்பு அனுப்பிட்டேண்ணே. அவங்க அந்தப் பக்கம் சரின்னு சொல்லணும்."

"நிறுத்தினது அவளுக்குத் தெரியுமா?"

"செய்தி போயிருக்கும்."

"என்னன்னு?"

அவள் தலை நிமிரவில்லை. "அப்பா இனி உங்களுக்குத் தன் இடத்தைக் காட்ட விரும்பலைன்னு."

"நான் இல்லைம்மா, கடையில நடந்த தப்புன்னு ஒரு வரி எழுதி அனுப்பேன்."

"அதுல எழுத இடமில்லண்ணே. சரி, வேண்டாம்னு ரெண்டு பட்டன், அவ்வளவுதான் அவங்களுக்கு வரும்." போனை உறையில் போட்டு நீட்டியபடி, "கேட்டுட்டு நிறுத்தியிருக்கணும். மன்னிச்சிடுங்க" என்றாள்.

"உனக்கென்னம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அன்று மீதிப் பெட்டிகளை இறக்கிய ஒவ்வொரு வாசலிலும், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, சட்டைப் பையின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பன் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

சில்லென்றிருந்தது. இருட்டும்வரை சார்ஜ் இறங்கவே இல்லை.