ஞாயிற்றுக்கிழமை முறை

என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்தன்று பிரம்மநாயகி மதினி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இனிமே அந்தப் பய மூஞ்சில முழிக்க மாட்டோம். நம்ம வீட்டுச் சோறு அவனுக்குக் கெடயாது."

மதினி அவருடைய அக்கா. அந்தப் பயல் மகேஷ், அவருடைய அண்ணன் மகன். கங்கைகொண்டான் வயலில் பாகத் தகராறு முற்றி, மண்வெட்டிப் பிடியால் அவர் தலையில் அடித்துவிட்டான். நான் பாளையங்கோட்டையில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆள் வந்து கூட்டிப்போனபோது, அடி விழுந்த இடத்திலேயே போய்விட்டார் என்றார்கள்.

தொண்ணூற்றாறில், தண்டனை முடியப்போகிறவர்களைப் பகலில் வெளிவேலைக்கு விட்டுப் பழக்கும் இல்லம் ஒன்றுக்கு ஜெயிலிலிருந்து அவனை மாற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் போய்ப் பார்க்கலாம். கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. ஒரு ஞாயிறு காலை மதினி வீட்டுக்கு விருந்தாள் வருகிறார்கள் என்று தேங்காய்ப்பால் பிழிந்து கொடுத்துவிட்டு, கோயிலுக்குப் போவதாக அவளிடம் பொய் சொல்லி, கூசிக்கொண்டே வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினேன்.

வேப்பமரத்தடி பெஞ்சுகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மகேஷின் விரல்களில் பெயின்ட் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்துப் பயப்படுவான் என்று நினைத்தேன். முகம் மலர்ந்து எழுந்தான்.

"வாங்க சித்தி. இன்னிக்கு அத்தை முறைன்னுல்லா நெனச்சேன்."

எனக்கு விளங்கவில்லை. அவனே சொன்னான். ஜெயிலிலிருந்தபோதே எல்லோரும் வந்து பார்த்தார்களாம். இங்கே மாற்றியபின் வாரத்துக்கு ஒரு வீடாகச் சோறு கொண்டுவருகிறார்களாம். சித்திக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை என்று அத்தை சொல்லியிருந்தாளாம்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அத்தை சொல்லலையா?" என்றான். "சித்தப்பா தண்ணி கேட்டாக. பொறவு உங்களத்தான் கேட்டாக. அத்தை வீட்டு உள்ரூம்ல படுக்க வச்சிருந்துச்சு. நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கேஸாயிரும், பைய தெளிஞ்சிரும்னு…" என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அடி விழுந்தது காலையில். அன்று மத்தியானம் நான் நிதானமாகச் சாப்பிட்டேன். கடைசி வகுப்பையும் எடுத்து முடித்தேன்.

எழுந்து வெளியே வந்தேன். கேட்டருகே மதினி நின்றாள். கையில் தூக்குச்சட்டி. மூடியை மீறிச் சொதிக் குழம்பு மணத்தது. காலையில் நான் பிழிந்த பால்.

"மதினி, அவுக தண்ணி கேட்டப்போ யாரு குடுத்தா?"

தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நாந்தான். ரெண்டு மடக்கு எறங்கிச்சு."

"என்னையும் கேட்டாகல்லா?"

"ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தனையாவது காப்பாத்தணும்லா, உலகு?"

"போகல மதினி. அப்போ போகல."

காவலாளி உள்ளேயிருந்து, நேரமாகிறது வாங்க என்று கூப்பிட்டார். மதினியைத்தான், பழகிய குரலில். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்கு சிந்தாமல் நேராகப் பிடித்தபடி உள்ளே போனாள்.