பெரிய எழுத்தில் ஹைதம்

கறுப்புக் கரையை எவ்வளவு தடிமனாக வைப்பது என்று லமீஸுக்குப் பிடிபடவில்லை. மெல்லியதாக வைத்தால் கல்யாணப் பத்திரிகை போல ஆகிவிடுகிறது. தடித்தால் சிரிப்பு போய்விடுகிறது. மீனா என்ற துறைமுகத்தின் பின்சந்தில் இருந்த அந்த அச்சகத்தில் அவளுடைய அன்றாட வேலையே மரண நோட்டீஸ்தான். காலையில் யாராவது கண்கள் வீங்க வந்து, இறந்தவர் பெயரையும் பிள்ளைகள், மருமக்கள் பெயர்களையும் சொல்லிவிட்டுப் போவார்கள். மதியத் தொழுகைக்குள் அது தெருச் சுவர்களில் ஏறியிருக்கும். ஆனால் இப்போது திரையில் இருந்தது அவளுடைய சொந்த வேலை. நண்பர்களின் கச்சேரிகளுக்கு, தெருவில் புழங்கும் காகிதங்களின் சாயலில் நோட்டீஸ் செய்வது. முதல் கச்சேரிக்கு மருந்துச்சீட்டு. அடுத்ததற்கு, வீடுகளுக்குக் கரண்ட் விற்கும் ஜெனரேட்டர்காரர் தரும் ரசீது. யாரும் கேட்டுச் செய்ததில்லை. மற்றவர்களின் சாவை அடுக்கி அடுக்கி மரத்துப்போன விரல்களுக்கு இது ஒரு மூச்சு.

இந்த முறை மைக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கரண்ட் இல்லாத ஊரில் கரண்ட் வேண்டாத கச்சேரி. ஆகவே மரண நோட்டீஸ். 'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம்: அரசாங்க மின்சாரம் நீண்டநாள் நோய்க்குப் பின் காலமானது. துயருறும் பிள்ளைகள்: ஊத் தந்தி மீட்டும் சர்கீஸ், ரிக் கஞ்சிரா தட்டும் ஹைதம்.' உச்சியில் வேத வசனம் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். அதில் விளையாட அவளுக்கு மனம் வரவில்லை.

"என் பேரப் பெருசாப் போடு," என்றான் பின்னால் நின்ற ஹைதம்.

"நீதான் வாசிக்கவே வரப் போறதில்லையே."

"அதனாலதான் கேக்கறேன்."

மறுநாள் விடியலில் அவன் வடக்குக் கரையிலிருந்து சைப்ரஸுக்குத் திருட்டுப் படகு ஏறுகிறான். அச்சகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் அம்மாவிடம் பெய்ரூத்தில் ஒத்திகை என்று சொல்லியிருந்தான். போன வருடம் இதே போலக் கிளம்பியபோது அம்மா எப்படியோ மோப்பம் பிடித்து, வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்டாள். என்னை மிதித்துக்கொண்டு போ என்றாள். அவன் மிதிக்கவில்லை. படகு போய்விட்டது. இந்தத் தடவை அவள் வீட்டு எதிர்ச்சுவரில் கச்சேரி நோட்டீஸ் இருக்கும். மகன் பெயரை அதில் பார்த்துக்கொண்டே இருப்பாள். கச்சேரி நாளுக்கு முன்னால் அவன் சைப்ரஸிலிருந்து பேசிவிடுவான்.

"கண்ணாடி இல்லாமலே அம்மாவுக்குத் தெரியணும். கண்ணாடிய எங்க வெச்சாங்கன்னு அவங்களுக்கு எப்பவும் தெரியாது."

"பெரிய எழுத்துக்கு இதுல ஒரே இடம்தான் இருக்கு. நடுவுல. அங்க யாரு பேரு இருக்கோ அவங்கதான் போய்ச் சேர்ந்தவங்க."

"நல்லதாப் போச்சு. செத்தவன யாரு தேடுவா?"

"வாயக் கழுவுடா."

அவன் சிரித்தான். மேசை விளிம்பில் விரல்களால் ஒரு தாளம் தட்டிவிட்டு, அவள் தலையை ஒரு தம்பி போலத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். லமீஸ் மின்சாரத்தை மேலே சிறியதாக ஏற்றினாள். நடுவில் ஹைதம். கரையைக் கொஞ்சம் தடித்தாள். வெள்ளையும் கறுப்பும் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. அழகாக இருந்தது. வேறு எதைப் பற்றியும் அவள் யோசிக்காமல் போனதற்கு அந்த அழகுதான் காரணம்.

சர்கீஸ் ஊர் முழுக்க ஒட்டினான். மறுநாள் வேலைக்கு வரும்போது, மீன் சந்தை முனையில் வயதான ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நோட்டீஸ் முன்னால் நிற்பதை லமீஸ் பார்த்தாள். உள்ளங்கைகளை விரித்து உதடு அசைத்து ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டு நகர்ந்தார். ஓடிப்போய், ஐயா அது கச்சேரி என்று சொல்ல நினைத்தாள். கால் வரவில்லை. ஒருவருடைய பிரார்த்தனையை எப்படித் திருப்பி வாங்குவது?

சைப்ரஸிலிருந்து போன் வரவில்லை. வரவேண்டிய நாள் கடந்தது. மேசையில் போனைத் திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஒவ்வொரு மரண நோட்டீஸையும் முடிக்கும்போது பெயரை இரண்டு முறை படித்தாள், அது வேறு யாரோ என்று உறுதி செய்துகொள்வது போல. முதலாளி அபு நஜீப் காப்பியோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். வழக்கமாக வந்தவுடன் யாரையாவது திட்டுவார்.

"துறைமுகத்துல ஏதோ பேசிக்கறாங்க."

"என்னன்னு?"

"ஒரு படகாம். இஞ்சின் நின்னு போச்சாம். ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் இன்னொண்ணு." அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "அந்தப் பையன் பெய்ரூத்லதானே இருக்கான்?"

அவள் ஆமாம் என்றாள். அந்தச் சொல்லை வெளியே விட்டபிறகு அறையில் காற்று கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

அன்று பிற்பகல் ஹைதமின் அம்மா, உம்மு ஹைதம் வந்தாள். கையில், சுவரிலிருந்து பசையோடு உரித்த நோட்டீஸ். ஒரு மூலை கிழிந்திருந்தது.

"வாங்க சின்னம்மா."

"நீதானே செஞ்ச இத? சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது எனக்கு. கரண்ட் செத்துப்போச்சாமே! எப்பவோ செத்தது, இப்பத்தான் உங்களுக்குச் சேதி வந்துச்சா?" அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாடிக்காரிங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கறுப்பு உடுத்திக்கிட்டு வரிசையா வந்து நிக்கறாங்க. அடியே கழுதைங்களா, முழுசாப் படிங்கடின்னேன். அப்புறம் காப்பி போட்டேன். துக்க வீட்டுக் கசப்புக் காப்பி இல்லைன்னு தெரியணும்ல, சர்க்கரைய அள்ளி அள்ளிப் போட்டேன். ஒவ்வொருத்தியும் பல்லு கூசக் குடிச்சிட்டுப் போனா."

லமீஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் நின்றது. எடுத்து வைக்க இடம் தெரியவில்லை.

உம்மு ஹைதம் நோட்டீஸை மடியில் விரித்து, மடிப்புகளை நீவினாள். வெகுநேரம் நீவினாள். வெளியே ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"இன்னைக்குக் காலைல படகுக்கார மஹ்மூதோட பொண்டாட்டி வந்தா. அவ அவசரக்காரி இல்ல. பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுக்கறவ. முழுசாப் படிப்பா, எழுத்து எழுத்தாப் படிப்பா. நான், இது கச்சேரி நோட்டீஸ்மான்னு ஆரம்பிச்சேன். 'தெரியும் உம்மு ஹைதம்'னா. தெரியும்னு சொல்லிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா. ஒண்ணும் பேசல. காப்பி வேணாம்னுட்டா." உம்மு ஹைதம் தலை நிமிர்ந்தாள். "தெரிஞ்சவ எதுக்கு வரணும்?"

பின்கட்டில் அச்சு இயந்திரத்தின் சத்தம் நின்றது. அபு நஜீப் அதை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி பெய்ரூத் என்ற சொல்லை அவளால் எடுக்க முடியாது.

"சின்னம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு…"

"பேசாத."

"அவன்தான் என்கிட்ட…"

"பேசாதன்னு சொன்னேன்ல." குரல் உயரவில்லை. "மொதல்ல இதச் சரி பண்ணு. என் புள்ள பேரு நடுவுல இருக்கக் கூடாது. மத்தவன் பேரெல்லாம் பொடியா இருக்குல்ல, அதுமாதிரி ஆக்கு."

லமீஸ் திரையில் அந்த நோட்டீஸைத் திறந்தாள். உம்மு ஹைதம் நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கை படும் தூரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மேல் சோப்பும் ஏலக்காயும் கலந்த வாசனை. லமீஸ் பெயரைத் தொட்டு, ஒரு விசையை அழுத்தினாள். பெயர் ஒரு படி சுருங்கியது.

"இன்னும்."

அழுத்தினாள்.

"இன்னும்மா."

இப்போது அது சர்கீஸின் பெயர் அளவுக்கு வந்திருந்தது. லமீஸ் கையை எடுத்தாள். உம்மு ஹைதம் அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் விசைமேல் வைத்தாள். அவளுடைய விரல்கள் ஜில்லென்றிருந்தன. பெயர், அடியில் அச்சகத்தின் முகவரி அளவுக்குப் போனது. பிறகு அதற்கும் கீழே. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு கோடாகி, கோடு குறுகியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதைச் சுற்றி வெள்ளை அகன்றுகொண்டே போய், நான்கு பக்கமும் கறுப்புக் கரையைத் தொட்டு நின்றது.

"போதுமா சின்னம்மா?"

உம்மு ஹைதம் கண்ணாடி போட்டிருக்கவில்லை. திரையை நோக்கிக் குனிந்தாள், இன்னும் குனிந்தாள், நெற்றி கிட்டத்தட்ட அதன்மேல் பட்டது. வெள்ளை வெளிச்சம் அவள் முகம் முழுவதும் பரவியிருந்தது.

"எனக்கு இன்னும் தெரியுது," என்றாள்.