பளபளப்பு அடங்க ஒரு பூச்சு

...பளபளவென்று இருந்தால்தானே புதுசு, அதை மங்க வைப்பதற்கும் ஒரு ஸ்ப்ரே டப்பா விற்கிறானா என்று அன்றைக்குக் கந்தசாமி கேட்டபோது மகள் திலகவதி சிரித்தாள், "பளபளன்னா வெளையாட்டுச் சாமான்பா, அது அடங்குனாதான் நெசமான லோரி." அந்த லோரிதான் இப்போது புக்கிட் ரம்பாய் வீட்டு வாசலில் செய்தித்தாள் மேல் நிற்கிறது, உள்ளங்கை நீளம், லூபோக் சீனா தோட்டத்து ரப்பர்ப் பால் லோரியின் அச்சு. கந்தசாமி தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையை விட்டு இறங்கிய வருஷம் அப்பாவுக்கென்று மகள் துண்டு துண்டாக ஒட்டி, சக்கரத்தில் செம்மண் வரைக்கும் தீட்டி வைத்தது, கடைசிப் பூச்சு மட்டும் பாக்கி... அதற்குள் போய்விட்டாள். யாரோடு? தோட்டத்தில் அந்த நிஜ லோரியை ஓட்டிய ரங்கசாமியின் மகன் விமலனோடு. ஆபீஸ் படிக்குக் கீழே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, 'ஐயா' என்று நிற்பானே அந்த ரங்கசாமி, அவன் இன்று சாயங்காலம் தெங்கேரா கல்யாண மண்டபத்தில் சம்பந்தியாக மாலையோடு நிற்பான், பக்கத்தில் இவர் நிற்க வேண்டுமாம். அதற்கு வளைகிற முதுகா இது? அம்மா ஜெயமணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், அப்பா வராவிட்டாலும் லோரியையாவது கொடுக்கச் சொல்லுங்க, அது வந்தா அவரே வந்த மாதிரி, மிச்சத்தை நானே அடிச்சுக்கிறேன் என்று. மிச்சமா? கந்தசாமி வீட்டிலிருந்து அரைகுறையாக ஒரு சாமான் அந்த வீட்டுக்குப் போவதா?

அதனால்தான் டப்பாவை அவரே எடுத்தார். காலையில் நல்ல வெயில், அப்போதே அடித்திருக்கலாம், ஆனால் ராகு காலம், மகள் வீட்டுக்குப் போகிற பொருளில் ராகு காலத்தில் கை வைப்பதா, கழியட்டும் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெயமணி சீர்த்தட்டைக் கட்டிக்கொண்டே, "மனுசங்களுக்குப் பாத்தது போதாதுன்னு லோரிக்குமா ராகு காலம்? மழ கட்டுதுலா, அடிக்கிறதுன்னா அடிங்க" என்றாள். ராகு காலம் கழிந்தபோது வானம் கறுத்து, துணிக்கயிற்றில் சட்டைகள் ஈரக்காற்றில் கனத்துத் தொங்கின. டப்பாவைக் குலுக்கினார், உள்ளே குண்டு கடகடத்தது, அவள் பிடிப்பதுபோலவே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சாரல் போல... பளபளப்பு அடங்கியது. அடங்கிக்கொண்டே போய், கதவில் அவள் தீட்டிய தோட்டத்தின் பெயர்மேல் வெள்ளை படர்ந்தது, கண்ணில் புரை விழுந்ததுபோல. பிறகு தொட்டி, பிறகு செம்மண். துணியால் ஒற்றினார், துணியின் நூல்தான் ஒட்டியது.

"ஏங்க, வேன் வந்துருச்சு. குடுங்க."

"காயல."

"காயாட்டி பரவால்லங்க, மடியில வச்சுக்கிறேன். புள்ள வாசலையே பாத்துக்கிட்டு நிப்பாங்க."

"காயலன்னு சொல்றேன்ல."

ஜெயமணி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வேன் திரும்பும்போது மழை விழுந்தது. போகட்டும்... ஏதோ ஒரு மழைநாளில் இதே இடத்தில் திலகவதி டப்பாவைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாளே, "ஈரக்காத்துல அடிச்சா வெள்ளையாப் பூத்துரும்பா, அப்புறம் ஒன்னும் செய்ய முடியாது"... அது இப்போதுதான் ஞாபகம் வருகிறதா? இல்லை, டப்பாவைக் குலுக்கும்போதே அவள் குரல் காதில் இருந்ததா?