பாடுகளைப் பாட மூன்று பேர்

லம்பெர்ட்டும் ஷெங்கும் பேசி இரண்டு வருடமாகிறது. ஆனாலும் பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவரின் பாடுகளை, அவர் சிலுவையில் இறந்த கதையை, அவர்கள்தான் பாடியாக வேண்டும். லிம்பர்க்கின் அந்தச் சிற்றூரில் பழைய லத்தீன் ராகம் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. இயேசுவின் வரிகள் பங்குத்தந்தைக்கு. கதை சொல்லும் வரிகள் லம்பெர்ட்டுக்கு. பேதுரு, பிலாத்து, கூச்சல் போடும் கூட்டம் எல்லாம் ஷெங்குக்கு.

சண்டைக்குக் காரணமும் ஒரு பாட்டுதான். ஷெங்கின் மனைவி ஃபீன், லம்பெர்ட்டின் தங்கை. அவளுடைய அடக்கப் பூசையில் பாடகர் குழு தயாராக நிற்க, ஷெங் ஒலிபெருக்கியில், திருவிழாவில் குடித்து ஆடும் கார்னிவல் பாட்டொன்றைப் போட்டார். லம்பெர்ட் புத்தகத்தை மூடிவிட்டு வெளியேறினார். கல்லறைக்கும் போகவில்லை.

இந்த வருடம் மூன்று மணிக்குத் தொடங்கிய பாடல், 'தலை சாய்த்து ஆவியை ஒப்படைத்தார்' என்ற வரி வரை தடங்கலில்லாமல் போனது. எல்லோரும் முழங்காலிட்டார்கள், எழுந்தார்கள். அடுத்த வரி லம்பெர்ட்டுடையது. வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. தங்கையைக் குழியில் இறக்கும்போது தான் அங்கே இல்லை என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

யாரோ இருமினார்கள். ஷெங் எட்டி, லம்பெர்ட்டின் புத்தகத்தைப் பார்த்து அந்த வரியை எடுத்தார். சுருதி ரொம்பவும் கீழே. இரண்டு சொல் தாண்டியதும் லம்பெர்ட் சேர்ந்துகொண்டு, அதைச் சரியான இடத்துக்கு ஏற்றினார். ஷெங் ஒதுங்கிக்கொண்டார்.

வழிபாடு முடிந்து உடை மாற்றும் அறையில் லம்பெர்ட்தான் முதலில் பேசினார்.

"ரொம்பக் கீழ எடுத்துட்டியே மச்சான்."

"நீ ஊமையா நின்னா? இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா சனம் வீட்டுக்குக் கெளம்பியிருக்கும்."

"அன்னிக்கு ஏன்யா அந்தப் பாட்டு?"

"நானா போட்டேன்? ஒந் தங்கச்சி எழுதியே வச்சிருந்தா. 'எங்கண்ணன் மூஞ்சி போற போக்கப் பாக்க நான் இருக்க மாட்டேனே'ன்னு ஒரே சிரிப்பு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? ஒன் முதுகுகிட்டயா?"

லம்பெர்ட் வெள்ளை அங்கியைக் கழற்றி மாட்டினார். அது இரண்டு முறை நழுவி விழுந்தது.

வெளியே வந்து ஆற்றோரமாக நடந்தார்கள்.

"கடைசி வாரம் ஏதாவது சாப்பிட்டாளா?"

"ப்ளம் பழம் வச்சுச் சுட்ட பை கேட்டா. வாங்கிட்டு வந்தா, மோந்து பாத்துட்டு நர்ஸுக்குக் குடுத்துட்டா."

லம்பெர்ட் இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று.