சம்பந்தியோடு தும்மாமல் பயணம் செய்வது எப்படி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "ஐயா, வெளிநாடு போறீங்களாமே! பயணத்துல உடம்பைப் பார்த்துக்கிறது எப்படின்னு ஒரு கட்டுரை குடுங்களேன். வயசானவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அப்போது என் உடம்பு நன்றாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன். இப்போது கழுத்துவரை போர்வை, மூக்கில் கைக்குட்டை, தொட்டுக்கொள்ள ஆவி பிடிக்கும் பாத்திரம். இந்தக் கோலத்தில் கட்டுரை எழுதினால் பொய் என்பார்கள். கதை என்றால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

தொடக்கம் ஒன்று: "வெளிநாடு செல்லும் முதியோர் தண்ணீரைக் கொதிக்கவைத்து..." [தூக்கம் வந்தது. அடித்துவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: "வெண்பஞ்சு மேகங்களுக்கு மேலே விமானம்..." [விமானத்தில் நான் தூங்கிவிட்டேன். மேகத்தைப் பார்த்தவர் சம்பந்தி.]

ஆக, சம்பந்தியிலிருந்து தொடங்குவதே நியாயம்.

2

என் மகளுடைய மாமனார். மருந்துக்கடை வைத்திருந்தவர். கடையை விற்கும்போது சரக்கை விற்க மனமில்லாமல் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நடந்தால் அந்தப் பெட்டி கிலுகிலுக்கும். விமான நிலைய வரிசையில் வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியைக் கேட்டு அடம்பிடித்தது.

(இதை நம்பாதவர்கள் அடுத்த பத்தியையும் நம்ப வேண்டாம்.)

நான் மருந்தே கொண்டுபோகவில்லை. எனக்கு உள்ளதெல்லாம் தும்மல் ஒன்றுதான். வேலையில் இருந்த காலத்தில் நான் தும்மினால், மூன்று மேசை தள்ளியிருந்த தட்டச்சு இயந்திரம் தானாக அடுத்த வரிக்குப் போய்விடும். மேலதிகாரி அதைப் பாராட்டி என்னை வேறு மாடிக்கு மாற்றினார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து கிளம்பிய காரணம், மகளுக்குப் பெண் குழந்தை. இரண்டு வீட்டுக்கும் முதல் பேத்தி. மனைவிமார் இருவரும் பிரசவத்துக்கே போய்விட்டார்கள். நாங்கள் கிளம்புமுன் மகள் போனில் சட்டம் போட்டாள்.

"இருமல், தும்மல், மூக்கொழுகல் எது இருந்தாலும் பாப்பாவைத் தொடக்கூடாது. அப்பாவா இருந்தாலும் சரி, மாமாவா இருந்தாலும் சரி."

"நமக்கெல்லாம் அது வராதும்மா. வந்தவுடனே நான்தான் முதல்ல தூக்குவேன், சொல்லிட்டேன்."

"மாமா காலையிலேயே போன் பண்ணி இதையே சொல்லிட்டாருப்பா."

3

[எழுதியவரை படித்துப் பார்த்தேன். சம்பந்தி வில்லன் மாதிரி வருகிறார். அவர் வில்லன் அல்லர். மரியாதைக்காரர். அது இன்னும் மோசம்.]

சம்பந்திகள் ஒருவர் மனதை ஒருவர் புண்படுத்தக் கூடாது. இது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அவர் நீட்டியதை நான் மறுக்கக் கூடாது, நான் சொன்னதை அவர் தட்டக் கூடாது. விமான நிலையத்தில் யார் முதலில் ஏறுவது என்று நாங்கள் உபசாரம் செய்துகொண்டிருக்கையில் லிஃப்ட் எங்களை விட்டுவிட்டு மேலே போய் வந்தது.

வெளிநாட்டில் இறங்கியதும், அங்கிருந்து மகள் ஊருக்கு ரயில். ஏறி உட்கார்ந்தபோது ஜன்னலின் மேல்கண்ணாடி விரலளவு திறந்திருந்தது. அதன் வழியாக வந்ததைக் காற்று என்று சொல்ல மாட்டேன், ஈட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடலாம் என்று கையைத் தூக்கினேன். சம்பந்தி அந்த ஜன்னலையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்குக் காற்று பிடிக்கும்போல என்று கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டேன்.

"குளிரலையே சம்பந்தி?" என்றார்.

"சேச்சே, இதமா இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கு வேர்க்குது."

அதை நிரூபிக்க மப்ளரைக் கழற்றினார். நான் விடுவேனா? ஸ்வெட்டர் பொத்தான்களை அவிழ்த்தேன். என் மீசை விறைத்துப்போய், பேசும்போது டிக்டிக் என்று சத்தம் வந்தது.

எதிரே உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், பொறுக்க முடியாமல் எழுந்து ஜன்னலை மூடப் போனார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, ஒருவரை ஒருவர் கைகாட்டி, "வேணாங்க! அவருக்குக் காத்து வேணும்!" என்று தமிழிலேயே கத்தினோம்.

கத்திவிட்டு இருவரும் மெதுவாக உட்கார்ந்தோம்.

"உங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றார் சம்பந்தி.

"நானும் உங்களுக்குன்னுதான்..."

அப்போதாவது மூடியிருக்கலாம். மூடினால் இவ்வளவு நேரம் அவரால் நான் அவதிப்பட்டேன் என்றாகிவிடும். மனுஷர் வருத்தப்படுவார்.

"இப்போ பழகிடுச்சு" என்றேன்.

"ஆமாமா, பாதியில எதுக்கு மூடிக்கிட்டு" என்றார்.

அந்த அம்மாள் நூலையும் ஊசியையும் வாரிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

[இந்த இடத்தில் யார் முதலில் தும்மியது என்று வர வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது.]

4

வீட்டு வாசலில் மகள் பேத்தியோடு நின்றாள். மஞ்சள் துணிக்குள் உள்ளங்கை அளவு முகம். என் கை தானாக நீண்டது. அதே நொடியில் மூக்கின் வேரில் ஓர் எறும்பு நடக்கத் தொடங்கியது. சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சம்பந்தி, நீங்க தூக்குங்க" என்றேன்.

"ஐயையோ, நீங்க பெத்த பொண்ணோட குழந்தை. நீங்க தூக்குங்க" என்றார் அவர், கரகரத்த குரலில்.

மகள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"போன்ல தனித்தனியா அந்தச் சண்டை போட்டீங்க. இப்போ ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கறீங்கன்னா... அம்மா! அத்தை! ரெண்டுக்கும் சளி பிடிச்சிருக்கு!"

அன்றிலிருந்து நானும் சம்பந்தியும் ஓர் அறை. இந்தக் கதை எழுதப்படுவது அங்கேதான். அவர் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, எழுதிய தாளையெல்லாம் வாங்கிப் படிக்கிறார்.

"மீசை டிக்டிக்குங்கிறது கொஞ்சம் ஓவர் சம்பந்தி."

"எடுத்துடவா?"

"சேச்சே, உங்களுக்குப் பிடிச்சிருந்தா இருக்கட்டும்."

5

இன்று மகள் வந்து பார்ப்பாள். சளி சரியானவர் பேத்தியைத் தூக்கலாம். ஆகவே கதைக்கு முடிவு வேண்டும்.

முடிவு அ: சம்பந்தி முதலில் தூக்குகிறார். [அவர் சொல்லச் சொல்ல எழுதியது.]

முடிவு ஆ: நான் முதலில் தூக்குகிறேன். ["நல்ல கற்பனை" என்றார்.]

முடிவு இ: இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, பேத்தி இருவர் மடியிலும்... [கதவுக்கு வெளியிலிருந்து என் மனைவி: "அதென்னங்க, துணி காயப்போடற மாதிரி? ஒழுங்கா ஒருத்தர் தூக்குங்க!" நான் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் உண்டு.]

கதவு திறக்கிறது. மகள். கையில் பேத்தி, விழித்திருக்கிறாள். எங்களைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறக்கிறாள். சிரிப்புதான், வாயு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"சரியாயிடுச்சா?" என்கிறாள் மகள்.

"ஆயிடுச்சு!" என்கிறோம் இருவரும். அவள் நம்பிப் பேத்தியை நீட்டுகிறாள். பார்த்தால் சம்பந்தியின் கண்ணில் நீர் முட்டி நிற்கிறது, மூக்கு விடைக்கிறது. எனக்கும் எறும்பு கிளம்பிவிட்டது. இன்னும் ஒரு வரிதான் தாங்கும்.

வாசகரே, உங்களுக்குச் சளி, இருமல் ஒன்றும் இல்லையே? அப்படியானால் சட்டென்று வாருங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு கை கொடுங்கள். இன்னொரு கை அடியில். பிடித்துக்கொண்டீர்களா? அப்படியே இருங்கள், அவள் உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பாள், ஒன்றும் செய்யாது.

நாங்கள் அந்தப் பக்கம் போய்த் தும்மிவிட்டு வருகிறோம்.